வாக்குரிமைக்காக ஓர் ஊர்ச்சங்கம் எங்கிருந்து தொடங்குவது? படுவான்கரையிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் ஓர் இளைஞர் கழகமும் சேர்ந்து இப்படிக் கேட்டிருக்கிறார்கள்: "வாக்குரிமை, சமத்துவம் இரண்டுக்காகவும் கிழக்கு மாகாண மட்டத்தில் வேலை செய்ய விரும்புகிறோம். பேரணி, மகஜர், வழக்கு, இவற்றில் எதில் தொடங்குவது?"

உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவின் வாக்காளர் இடாப்பை, அதாவது வாக்காளர் பெயர்ப் பட்டியலை, முதலில் கையில் எடுங்கள். நீங்கள் சொன்ன மூன்றும் அதற்குப் பிறகு வரட்டும். வாக்குச்சாவடி வாசலில் திருப்பி அனுப்பப்படுபவர்களில் பெரும்பாலானோர் தங்கள் வாக்கைப் பல மாதங்களுக்கு முன்பே இழந்துவிட்டவர்கள். அன்று காலையில்தான் அது அவர்களுக்குத் தெரியவருகிறது. அந்த நேரத்தில் தலைமை தாங்கும் அலுவலரோடு எவ்வளவு வாதாடினாலும் சட்டப்படி அவரால் எதுவும் செய்ய முடியாது. இடாப்பில் பெயர் இல்லாதவருக்கு வாக்குச்சீட்டு கிடையாது.

இதில் தனி ஆளின் இழப்பு மட்டும் இல்லை. பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் மாகாணத்துக்கு 4 வீதம் 36 தனியே ஒதுக்கப்படுகின்றன, 29 தேசியப் பட்டியலுக்குப் போகின்றன. மீதி 160 ஆசனங்களும் மாவட்டங்களில் பதிவான வாக்காளர் எண்ணிக்கையை வைத்தே பங்கிடப்படுகின்றன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 ஆசனம், 2015 இல் 7, 2024 இல் 6. நாட்டின் மொத்த வாக்காளரில் மாவட்டத்தின் பங்கு குறைந்தது, ஆசனமும் போனது. மட்டக்களப்புக்கு இன்று 5, திகாமடுல்லை எனப்படும் அம்பாறைக்கு 7. இடாப்பை விதானையாரின், அதாவது கிராம உத்தியோகத்தரின், அலுவலகக் கடதாசி என்று நினைக்கும் சங்கத்துக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.

இடாப்பு ஒவ்வொரு வருடமும் திருத்தப்படுகிறது. அடிப்படைச் சட்டம் 1980 இன் 44 ஆம் இலக்க வாக்காளர் பதிவுச் சட்டம். 2021 திருத்தத்துக்குப் பிறகு கணக்குத் திகதி பெப்ரவரி 1: அன்று 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த முகவரியில் வழமையாக வசிப்பவராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு 18 ஆகிறவர்களுக்காக வருடத்தில் மூன்று குறைநிரப்பு இடாப்புகள் உண்டு. பெப்ரவரி முதல் மே வரை, ஜூன் முதல் செப்டெம்பர் வரை, ஒக்டோபர் முதல் ஜனவரி வரை என்று அவை பிரிகின்றன. முன்பெல்லாம் ஒரு பிள்ளை சில நாள் வித்தியாசத்தில் ஒரு வருடம் முழுக்கக் காத்திருந்தது. இப்போது அந்தத் தேவை இல்லை. ஆனாலும் ஊரில் பலர் இன்னும் "அடுத்த வருசம் பாப்பம்" என்கிறார்கள். உங்கள் இளைஞர் கழகத்தின் முதல் வேலை இதுவாகவே இருக்கலாம்: உயர்தர வகுப்பு மாணவர்களின் பிறந்த திகதிகளை எடுத்து, இந்த மூன்று கட்டங்களாகப் பிரித்து வைத்துக்கொள்வது.

பெப்ரவரி 1 நம் பக்கத்துக்குத் தோதான நாள் இல்லை. பெரும்போக அறுவடை நடக்கும் காலம் அது. வயல்காரர் வாடியில் இருப்பார், வீட்டில் வயதான தாய் மட்டும் இருப்பார். அதற்கு முந்தைய மாதங்களில் மழையும் வெள்ளமும் வந்து பாதையை அறுத்திருக்கும். கிராம உத்தியோகத்தர் வந்துபோன நாளில் யார் வீட்டில் இருந்தாரோ அவருக்குத் தெரிந்ததுதான் படிவத்தில் ஏறும். படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட வேண்டியவர் பிரதான குடியிருப்பாளர். அவர் ஒரு பெயரை மறந்தால் அந்தப் பெயர் விழுந்துவிடும்.

எந்தப் பெயர்கள் விழுகின்றன என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். மற்ற இடங்களில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் "திருமணமாகிப் போன பெண்களைத் தேடுங்கள்" என்று இருக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரிலும் முஸ்லிம்களிலும், கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். ஆகவே இங்கே முதலில் தேட வேண்டியது மருமகன்மாரை. தாய்வீட்டுப் படிவத்தில் "அவன் இப்ப இங்க இல்லை" என்று வெட்டியிருப்பார்கள், சீதன வீட்டுப் படிவத்தில் மாமனார் இன்னும் சேர்த்திருக்க மாட்டார். அடுத்தது, இடம் மாறியவர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடியிலிருந்து திராய்மடுவுக்கு வந்ததுபோல முழுக் குடியிருப்பாகவே இடம்பெயர்ந்த ஊர்கள் உண்டு. அப்படிப்பட்ட குடும்பங்களில் ஒருவர் பழைய பிரிவிலும் இன்னொருவர் புதிய பிரிவிலும் பதிவாகியிருப்பது வழமை. மூன்றாவது, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள். அவர்கள் வெளிநாடு போன வருடத்தில் பெயர் நீங்கியிருக்கும், வந்த பிறகு யாரும் திரும்பச் சேர்த்திருக்க மாட்டார்கள். நான்காவது, பிறப்புச் சான்றிதழே இல்லாததால் அடையாள அட்டையும் எடுக்காதவர்கள். வாகரைப் பக்கத்து வேடர் குடும்பங்களிலும், போரில் எல்லாக் கடதாசியையும் இழந்தவர்களிடமும் இது அதிகம். இவர்களுக்கு இடாப்பு வேலைக்கு முன்பே பிரதேச செயலகப் பதிவாளர் பிரிவில் வேலை இருக்கிறது. அனுமான வயதுச் சான்றிதழ் பெற்று, அதைக் கொண்டு அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாதக் கணக்கில் இழுபடும் வேலை, தேர்தல் அறிவித்த பிறகு தொடங்கினால் முடியாது.

பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்க இடாப்புப் பதிவு கேட்கிறார்கள் என்பதால் பெற்றோர் தங்கள் பெயரைக் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள். அதே வீட்டில் இருக்கும் பாட்டியும் வேலைக்குப் போன தம்பியும் விடுபட்டிருப்பார்கள். பாடசாலை அனுமதிக்காக வீட்டுக்கு வீடு பேசும்போதே மற்றப் பெயர்களையும் கேட்டுக்கொள்ளலாம்.

செய்முறை சிக்கலானது இல்லை. நாற்பது ஐம்பது வீட்டுக்கு ஒரு தொண்டர் போதும். அந்த வீடுகள் அவருக்குத் தெரிந்த வீடுகளாக இருக்கட்டும். ஒரு கொப்பியில் வீட்டிலக்கம், 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோர் பெயரும், அடையாள அட்டை இலக்கம், இடாப்பில் உண்டா இல்லையா என்ற நான்கு நிரல்கள். தேர்தல் ஆணைக்குழுவின் இணையதளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பதிவைச் சரிபார்க்கலாம். இலக்கத்தைப் பிழையாக எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 12 இலக்க அட்டையில் முதல் நான்கு பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது, பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூடும். பழைய அட்டையில் வருடத்துக்கு இரண்டு இலக்கம், மற்றபடி அதே கணக்கு. ஒரு பெண்ணின் இலக்கத்தில் அந்த மூன்றும் 500 க்குக் கீழே இருந்தால் எங்கோ பிழை இருக்கிறது. அந்த இடத்திலேயே அட்டையைத் திரும்ப வாங்கிப் பாருங்கள். இன்னொன்று: இந்தக் கொப்பியில் இருப்பது மற்றவர்களின் அந்தரங்கத் தகவல். எந்தக் கட்சிக்காரரும் ஒரு பக்கத்தைக்கூடப் போட்டோ எடுக்க விடாதீர்கள். ஒரு தரம் வெளியே போனால் அடுத்த வருடம் எந்த வீடும் உங்களுக்குப் பெயர் சொல்லாது.

திருத்தத்தின்போது இரண்டு பட்டியல்கள் காட்சிக்கு வைக்கப்படும். நீக்கப்படவுள்ள பெயர்கள் ஏ பட்டியலில், புதிதாகச் சேர்க்கப்படவுள்ள பெயர்கள் பீ பட்டியலில். மாவட்டத் தேர்தல் அலுவலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் அலுவலகம் போன்ற இடங்களில் இவை இருக்கும். வருடத்தில் உங்கள் சங்கத்துக்கு மிக முக்கியமான நாட்கள் இவை. பெரும்பாலான ஊர்களில் இந்தப் பட்டியலை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் கொப்பியோடு ஏ பட்டியலை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். உயிரோடு, ஊரில் இருப்பவரின் பெயர் அதில் இருந்தால், காலக்கெடுவுக்குள் உரிமைக் கோரிக்கை கொடுக்க வேண்டும். அதை அந்த ஆளே கையொப்பமிட்டுக் கொடுக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை உங்கள் பிரதியில் விழட்டும். வாயால் சொல்லிவிட்டு வருவது கணக்கில் சேராது. "விதானையாரிட்டச் சொன்னநாங்க" என்ற வசனத்தை எந்த விசாரணையும் ஏற்காது.

தேர்தல் அறிவித்த பிறகு செய்யக்கூடியவை குறைவுதான், ஆனாலும் உண்டு. அடையாள அட்டை தொலைத்தவர் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை ஆகியவற்றில் ஒன்றைக் காட்டலாம். எதுவுமே இல்லாதவர் கிராம உத்தியோகத்தர் வழியாகத் தேர்தலுக்கான தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் கடைசித் திகதி உண்டு. தபாலில் வரும் வாக்காளர் அட்டை கிடைக்காவிட்டால் வாக்கு இல்லை என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுபவர்கள் நிறையப் பேர். இடாப்பில் பெயரும் கையில் அடையாள ஆவணமும் இருந்தால் அந்த அட்டை இல்லாமலே வாக்களிக்கலாம்.

கட்டுநாயக்கவிலும் கொழும்பிலும் ஆடைத் தொழிற்சாலை, கடை, கட்டட வேலைகளில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தபால் வாக்கு கிடையாது. அது அரச உத்தியோகத்தர், பொலிஸ், படையினர் போன்றோருக்குரியது. இவர்கள் ஊருக்கு வந்தே ஆக வேண்டும். தனியார் துறை ஊழியருக்குச் சம்பளத்துடன் விடுமுறை கொடுப்பது தொழில் கொடுப்பவரின் கடமை. தேர்தல் காலத்தில் ஆணைக்குழு அறிவிக்கும் அளவு இது: வாக்களிக்கும் இடம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150 க்கு மேல் இரண்டு நாள். மட்டக்களப்புப் பிள்ளைக்கு இரண்டு நாள் என்பதில் சந்தேகமே இல்லை. விடுமுறையை எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு பக்கக் கடித மாதிரியைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், மேற்பார்வையாளர் சிங்களத்தில்தான் வாசிப்பார். மத்திய கிழக்கில் இருப்பவர்களுக்கு அங்கிருந்து வாக்களிக்கும் ஏற்பாடு இலங்கைச் சட்டத்தில் இல்லை. அது சட்டத்திருத்தம் கேட்க வேண்டிய விடயம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2011 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழி தந்திருக்கிறது. பார்வை இல்லாதவரோ உடல் இயலாமை உள்ளவரோ தன் நம்பிக்கைக்குரிய ஒருவரை உள்ளே அழைத்துச் சென்று வாக்கை அடையாளமிடச் செய்யலாம். உதவியாளர் 18 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும், வேட்பாளராகவோ முகவராகவோ இருக்கக் கூடாது. கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தி, அரச வைத்தியர் சான்றுபடுத்திய தகுதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். நடைமுறையில் தவறுவது இந்த வைத்தியர் கையொப்பம்தான். கடைசி நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனால் கிளினிக் இருக்காது. சான்றிதழ் இல்லாமல் போனால் தலைமை தாங்கும் அலுவலரே இன்னொரு அலுவலர் முன்னிலையில் அடையாளமிடுவார். அதாவது அந்த வாக்கு இரண்டு அந்நியருக்குத் தெரிந்த வாக்காகிவிடும். இரகசிய வாக்கெடுப்பு அரசியலமைப்பின் 93 ஆம் உறுப்புரையில் உள்ள உரிமை என்பதால், இதைச் சலுகை கேட்பதுபோல் கேட்கத் தேவையில்லை.

பெண்கள் விடயத்தில் சட்டம் இருக்கிறது, கணக்குத்தான் வழுக்குகிறது. 2017 இன் 16 ஆம் இலக்கத் திருத்தம் உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் என்றது. 2018 பெப்ரவரியிலும் 2025 மே 6 இலும் நடந்த தேர்தல்களில் அது நடைமுறைக்கு வந்தது. உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தில் தெரிவாகிறார்கள், 40 வீதம் கட்சிகள் கொடுக்கும் மேலதிகப் பட்டியலிலிருந்து. வட்டார வேட்பாளர்களில் 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் 50 வீதமும் பெண்களாக இருக்க வேண்டும். வட்டாரத்துக்கு வெறும் 10 வீதம் என்பதால் கட்சிகள் வெல்லக்கூடிய வட்டாரங்களை ஆண்களுக்குக் கொடுத்து, பெண்களைப் பட்டியலில் நிரப்புகின்றன. பிறகு ஒரு கட்சி தன் பங்கை முழுக்க வட்டாரங்களிலேயே வென்றுவிட்டால் பட்டியலிலிருந்து எடுக்க அதற்கு ஆசனமே மிஞ்சாது. மறுபக்கம், 20 வீதத்துக்குக் குறைந்த வாக்கோடு மூன்று உறுப்பினர்கூட எடுக்காத கட்சிக்குப் பெண் கொடுக்கும் கடப்பாடு இல்லை. கிழக்கைப்போல் வாக்கு ஏழெட்டுக் கட்சிக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் சிதறும் இடத்தில் இப்படிச் சிறிய கட்சிகள் பல இருக்கும், 25 வீதம் எட்டாமல் நின்றுவிடும். எனவே உங்கள் கோரிக்கை "பெண்களுக்கு இடம் கொடு" என்று பொதுவாக இருக்க வேண்டாம். வட்டார நியமனத்தில் உள்ள 10 வீதத்தை உயர்த்துங்கள் என்று சட்டத்தின் அந்த இடத்தையே சுட்டிக் கேளுங்கள். நியமனப் பத்திர வேலையிலும் கண் வையுங்கள். 2025 இல் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, சத்தியக்கூற்று போன்ற கடதாசிக் குறைகளால் நிராகரிக்கப்பட்ட பத்திரங்கள் நீதிமன்றம் வரை போயின.

இனி மாகாண மட்டம். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டெம்பர் 8 ஆம் திகதி. அதன் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30 இல் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநரே நடத்துகிறார். 1995 இல் பிறந்த ஒருவர் மாகாண சபைக்கு ஒரு தடவைகூட வாக்களித்ததில்லை.

ஏன் தேர்தல் இல்லை என்று கேட்டால் "அரசாங்கத்துக்கு விருப்பமில்லை" என்பார்கள். அது உண்மையாக இருக்கலாம், ஆனால் மனுவில் எழுத அது போதாது. 2017 இன் 17 ஆம் இலக்கச் சட்டம் பழைய விகிதாசார முறையை மாற்றித் தொகுதியும் பட்டியலும் கலந்த முறையைக் கொண்டுவந்தது. தொகுதி பிரிக்கும் எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது. சட்டப்படி அதைப் பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு சீர்செய்து கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. அந்த அறிக்கை இல்லாமல் ஜனாதிபதி வர்த்தமானி வெளியிட முடியாது என்று 2019 இல் உயர் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. பழைய முறை நீக்கப்பட்டாயிற்று, புதிய முறை முடிக்கப்படவில்லை. முடிச்சு பாராளுமன்றத்தில் இருக்கிறது. திருகோணமலைக்கு பஸ் பிடித்துப் போய் ஆளுநரிடம் மகஜர் கொடுக்கும் சங்கங்கள் நல்ல படம் எடுத்துக்கொண்டு வருகின்றன, அவ்வளவுதான். தேர்தல் ஆணைக்குழுவும் சட்டம் இல்லாமல் திகதி வைக்க முடியாது. கோரிக்கை போக வேண்டிய இடம் உங்கள் மாவட்டத்தின் ஐந்து உறுப்பினர்களும், விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சரும். அம்பாறைக்காரர் என்றால் ஏழு உறுப்பினர்கள். எல்லாக் கட்சிக்கும் ஒரே கடிதம் போகட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "பழைய முறையில் தேர்தலை நடத்து" என்பது எளிய கோரிக்கை, சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேறக்கூடியது. ஆனால் பெண்களுக்கு வேட்புமனுவில் 30 வீதம் என்ற ஏற்பாடு அந்த 2017 சட்டத்தோடு வந்தது. சட்டத்தை அப்படியே நீக்கினால் அதுவும் சேர்ந்து போகும். வாக்குரிமை, சமத்துவம் இரண்டையும் பேசும் சங்கம் இரண்டையும் ஒரே வசனத்தில் கேட்க வேண்டும்: தேர்தல் உடனடியாக நடக்க வழி செய்யுங்கள், 30 வீதத்தைத் திருத்தத்துக்குள் எழுதி வைத்திருங்கள்.

வழக்கைப் பற்றி: 1998 இல் ஐந்து மாகாண சபைத் தேர்தல்கள் அவசரகால ஒழுங்குவிதியால் நிறுத்தப்பட்டபோது இரண்டு பத்திரிகையாளர்கள் சாதாரண வாக்காளர்களாக உயர் நீதிமன்றம் போனார்கள். வாக்களிப்பதும் ஒரு கருத்து வெளிப்பாடே என்று 1999 இல் தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பில் சமத்துவம் பற்றிய 12(1), பேச்சுச் சுதந்திரம் பற்றிய 14(1)(அ) இரண்டும் மீறப்பட்டதாக நீதிமன்றம் கண்டது. 2023 மார்ச் 9 இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நின்றபோதும் அதே வழியில் மனுக்கள் போயின. தேர்தல் கண்காணிப்பு அமைப்பான பவ்ரலும் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையமும் மனுதாரர்களில் அடங்கும். 2024 ஓகஸ்ட் 22 இல் உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பு. வழி திறந்திருக்கிறது, ஆனால் கதவு சிறியது: 126 ஆம் உறுப்புரைப்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு கொழும்பில் தாக்கலாக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை நடக்கிறது என்பதைக் காட்டும் கடிதங்களையும் சேர்த்து வையுங்கள்.

மகஜரோ மனுவோ, எண்ணிக்கை விபரம் இல்லாமல் போகக் கூடாது. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான். மாவட்டத் தேர்தல் அலுவலகத்திடம் கேளுங்கள்: கடந்த மூன்று வருடங்களில் ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் ஏ பட்டியலில் எத்தனை பெயர், பீ பட்டியலில் எத்தனை, உரிமைக் கோரிக்கைகள் எத்தனை வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, சக்கர நாற்காலி ஏறக்கூடிய வாக்களிப்பு நிலையங்கள் எவை. ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு. "எல்லா விபரமும் தருக" என்று கேட்டால் மறுக்க வசதியாகிவிடும். பிரிவு, வருடம், எண்ணிக்கை என்று குறுக்கிக் கேளுங்கள். விண்ணப்பத்தையும் பதிலையும் தமிழிலேயே பெறுவது உங்கள் உரிமை, அம்பாறைக் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) அப்படித்தான்.

கடைசியாகச் சங்கத்தின் அமைப்பு. தமிழ் ஊர் மட்டும் கையொப்பமிட்ட மகஜரைக் கொழும்பில் ஒரு கட்சியின் கடிதமாகத்தான் வாசிப்பார்கள். முஸ்லிம் ஊர் மட்டும் கையொப்பமிட்டாலும் கதை அதேதான். கொக்கட்டிச்சோலையும் ஏறாவூரும் சம்மாந்துறையும் சிங்கள ஊரான உகணையும் ஒரே தாளில் வந்தால் அப்படி ஒதுக்குவது கஷ்டம். மருமகன் பெயர் விடுபடுவது தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கும், அறுவடைக் காலத்துப் பதிவு எல்லா ஊருக்கும் பொதுவான குறை என்பதால், இடாப்பு வேலையில்தான் இந்தச் சேர்மானம் எளிதாக உருவாகும். தேர்தல் நாளில் கண்காணிக்க விரும்பினால், தேர்தல் ஆணைக்குழு அனுமதித்த பவ்ரல் போன்ற அமைப்பின் தொண்டர்களாகப் போக வேண்டும். ஊர்ச்சங்கத்தின் பெயரில் அட்டை அடித்துக்கொண்டு உள்ளே போக முடியாது. நிர்வாகக் குழுவில் யாராவது தேர்தலில் கேட்கத் தீர்மானித்தால் நியமனப் பத்திரம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் விலகிவிட வேண்டும், கொப்பிகளைக் கூட்டத்தின் முன் ஒப்படைக்க வேண்டும். இந்த விதியை யாப்பில் இன்றே எழுதிவிடுங்கள். ஆள் யாரென்று தெரிந்த பிறகு எழுதப் போனால் அது அவருக்கு எதிரான தீர்மானமாகிவிடும்.